2024-25 ஆண்டறிக்கை: அந்த பேனரைப் பத்தி கொஞ்சம் பேசணுமுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. வரவு செலவைப் பொருளாளர் தனியா வாசிப்பாரு, சந்தா பாக்கி யாருதுன்னு அவங்கவங்களுக்கே தெரியும். இந்த வருஷம் கூட்டம் 9, களப்பயணம் 3, அதுல ரெண்டாவது மழையில பாதியிலயே திரும்பிட்டோம்.

மத்தபடி வருஷம் பூரா ஓடுனது அந்த பிளெக்ஸ் பேனர் விவகாரந்தான். பொங்கல் கண்காட்சியில நம்ம கரட்டுக் கற்திட்டை (பலகைக் கல்லுகளை நிறுத்தி மேல மூடுகல்லு வெச்ச பழங்காலக் கல்லறைங்க) போட்டோவைப் போட்டு "பழங்கால நிலநடுக்கத்தில் சரிந்த பாண்டவர் வீடு"ன்னு பெருசா அடிச்சு வெச்சோமில்ல, அதை எழுதுனது நான்தாங்க. 1900 பிப்ரவரி 8ல கோயமுத்தூர்ப் பக்கம் சுமார் 6 ரிக்டர் அளவுக்கு நெலம் குலுங்குச்சுன்னு படிச்சது மண்டையில இருந்துச்சு, சாஞ்ச கல்லைப் பாத்ததும் ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டுட்டேன்.

நம்ம ரிட்டயர்டு ஜியாலஜி சார் அன்னிக்கு ஒண்ணும் சொல்லலை. மார்ச் கூட்டத்துலதான், "ஒத்தைக் கல்லை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி, எத்தனை கல்லு எந்தத் திசையில கெடக்குன்னு அளந்தியா"ன்னு கேட்டாரு. அளக்கலை. அப்புறம் ஒரு மணி நேரம் அவரே பேசுனாரு, வருஷத்துலயே நல்ல கூட்டம் அதுதான். 1897 ஜூன் 12 அசாம் நிலநடுக்கத்துல மேகாலயா காசி மலையில குத்துக்கல்லுக நெறைய விழுந்துச்சு, இந்திய ஜியாலஜிக்கல் சர்வேயில இருந்த ஓல்டாம் விழுந்த தூணு, கல்லறைக்கல்லு, முறுக்கிக்கிட்ட நினைவுத்தூணுன்னு பாத்துப் பாத்துதான் குலுக்கல் எவ்வளவுன்னு கணக்குப் போட்டாரு. கணக்கு என்னன்னா கல்லோட கனத்தை (எடை இல்லீங்க, தடிமன்) உசரத்தால வகுக்கணும், 6 அடி உசரம் 1 அடி கனம்னா புவியீர்ப்புல ஆறுல ஒரு பங்கு பக்கவாட்டுத் தள்ளு இருந்தாலே கவுந்துரும், குட்டையா அகலமா இருக்கற கல்லுக்கு இன்னும் ஜாஸ்தி வேணும்.

இதை வெச்சுக்கிட்டுதான் மூணாவது பயணம் போனோம். 11 கற்திட்டையில 6 சரிஞ்சிருக்கு. ஃபோன் காம்பஸ்ல திசை பாத்தா ஒண்ணு கெழக்க, ஒண்ணு வடக்க, மூணு பள்ளத்தைப் பாத்து, ஒண்ணு உள்ளுக்கே விழுந்து கெடக்கு (ஃபோனை பைக் மேல வெச்சு மொத ரவுண்டு அளந்தது யாருன்னு சொல்ல மாட்டேன், எல்லாத்தையும் திரும்ப அளந்தோம்). பெரும்பாலும் ஒரே பக்கமா விழுந்திருந்தாத்தான் நிலநடுக்கம்னு சந்தேகப்படவே ஆரம்பிக்கலாமாம். பேனர்ல போட்ட கற்திட்டையோட மூடுகல்லு ஓரத்துல சாண் சாணுக்கு வரிசையா உளிக்குழி, உடைஞ்ச முகம் வெள்ளையா இருக்கு, கல்லோட பழைய முகத்துல இருக்கற கருப்போ பாசியோ ஒரு பொட்டுகூட இல்லை. ஆரோ கல்லு உடைக்க வந்தவங்க வேலை. மூடுகல்லு போனதும் பக்கப் பலகை உள்ள சாஞ்சிருச்சு, அவ்வளவுதான். அதுக்கும் மேல, நாப்பது தப்படி தள்ளி 10 அடி உசரம் ஒண்ணேகால் அடி கனத்துல ஒரு நெடுங்கல்லு நேரா நிக்குது! 4 அடிப் பலகையைத் தள்ளுன நடுக்கம் அதை உட்டுட்டுப் போயிருக்குமா? ஆனா அடி எவ்வளவு புதைஞ்சிருக்குன்னு தெரியாம அதையும் அடிச்சுப் பேச வேண்டாம்னு சார் சொல்லிட்டாரு.

பிரான்ஸ்ல பிரிட்டனிக் கடற்கரையில லோக்மரியாக்கேர்ங்கற ஊர்லயும் இதே பஞ்சாயத்துதானாம். 20 மீட்டருக்கு மேல நீளம், சுமார் 280 டன் எடை, அப்பேர்ப்பட்ட குத்துக்கல்லு நாலு துண்டாக் கெடக்கு, அடித்துண்டு ஒரு பக்கம் மத்த மூணு இன்னொரு பக்கம், ஆளுங்க சாச்சிருந்தா எல்லாம் ஒரே பக்கமாத்தான் விழுந்திருக்கும், அதனால நிலநடுக்கம்ங்கறாங்க ஒரு சாரார். ஆனா அந்தப் பக்கமே வேறொரு பெரிய கல்லை மனுசங்களே துண்டாக்கி ரெண்டு கல்லறைக்குக் கூரையாப் போட்டிருக்காங்க, அப்ப இதையும் ஏன் மனுசங்களே சாச்சிருக்கக் கூடாதுங்கறது அடுத்த சாரார்.

அடுத்த வருஷம் மீதி 5 கற்திட்டையையும் அளக்கறதா செயற்குழு முடிவு, பள்ளிக்கூடப் பசங்களையும் கூட்டிட்டுப் போறோம். பழைய பேனரை யாரும் தேட வேண்டாமுங்க, பொருளாளர் வீட்டு ஆட்டுப்பட்டி மேல கெடக்கு.