கோழிக்கூட்டுக்குக் காற்று வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர்காலத்தில் வீட்டுக்கோழிகளைப் பராமரிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். காற்றே புகாதபடி கூட்டைத் தார்ப்பாயால் மூடிவிடச் சொல்லியிருந்தீர்கள். கோழி வளர்க்க ஆரம்பித்த முதல் குளிரில் நானும் அதைத்தான் செய்தேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

சாக்கு, தார்ப்பாய், பழைய போர்வை என்று கிடைத்ததையெல்லாம் போட்டு அடைத்துவிட்டு, பத்துக் கோழியும் சுகமாகத் தூங்கும் என்று நிம்மதியாகப் போய்ப் படுத்தேன். நாலைந்து நாள் கழித்துக் காலையில் கதவைத் திறந்தால் கண்ணைக் கரிக்கும் நெடி, தார்ப்பாயின் உள்பக்கம் முத்து முத்தாக நீர், கீழே போட்டிருந்த மரத்தூள் கட்டி கட்டியாக. அப்புறம் ஒவ்வொன்றாக மூக்கு ஒழுகி, தொண்டை கரகரத்து, இரண்டு செத்தும் போயின.

கோழியின் உடல் சூடு சுமார் 41 டிகிரி, நம்முடையதைவிட அதிகம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்தால் வளர்ந்த கோழி குளிரை ஓரளவு நன்றாகவே தாங்கும். மூச்சிலும் எச்சத்திலும் வருகிற ஈரம் வெளியே போக வழியில்லாமல், எச்சத்திலிருந்து அம்மோனியாவும் கிளம்பி மூச்சுக்குழலைப் புண்ணாக்கினால்தான் சளிக்கிருமி சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. உறைபனி விழும் இடங்களில் கொண்டை நுனி கருத்துப்போவதற்கும் இந்த ஈரம் துணைபோகும். இப்போது நான் கோழி உட்காரும் கட்டைக்கு மேலே, கூரையை ஒட்டி இரண்டு பக்கமும் திறந்தே விட்டு, கீழ்ப்பக்கத்தை மட்டும் மறைக்கிறேன். மரத்தூளைக் கையில் இறுக்கிப் பிடித்து விட்டுப் பார்ப்பேன். உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் அள்ளிப் போட்டுவிட்டுப் புதிது பரப்ப வேண்டியதுதான்.

குஞ்சு என்றால் கதை வேறு, முதல் வாரம் 35 டிகிரிச் சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். ஆனால் பெரிய கோழிக்கும் சூட்டு பல்பு கட்டச் சொல்லியிருந்தீர்களே, காய்ந்த மரத்தூளில் அது விழுந்தால் கூடே மிஞ்சாது!

குளிரால் முட்டை குறையும் என்பதும் பாதிதான் சரி. பகல் சுருங்குவதுதான் பெரிய காரணம், ஒழுங்காக முட்டையிட நாளுக்கு 14 மணி நேர வெளிச்சமாவது வேண்டும். இது தெரியாமல் தீவனத்தைக் குறை சொல்லி எங்கள் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது.

அடுத்த முறை இந்தக் குறிப்பைப் போடும்போது, மேலே காற்றுக்கு வழி விடச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்