தாய்மார்மீது ஏன் இந்தப் பழி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் குழந்தைகளின் பிறவி இதயக் கோளாறுகள் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். ‘கர்ப்ப காலத்தில் தாய்மார்கள் கவனமாக இருந்திருந்தால் இக்குறைபாடுகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்திருக்கலாம்’ என்ற வாக்கியத்தை மட்டும் தனியே எடுத்து, கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். எழுதியவருக்கு அது ஒரு வரி. தங்கள் நாளிதழ் போய்ச் சேரும் கடலூர் மாவட்ட வீடுகளில் எத்தனை மாமியார்கள் அந்தக் கட்டம் மருமகளின் கண்ணில் படும்படி தாளை மடித்து வைத்திருப்பார்கள் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள்; விற்பனைப் பிரிவுக்கும் அந்தக் கணக்குத் தேவையில்லை.

அப்படிப்பட்ட குழந்தை ஒன்றைப் பெற்றவள் நான். அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், அச்சேறிய சொல்லை ஊர் எவ்வளவு நம்பும் என்பது எனக்குத் தெரியும்.

தாங்கள் அறியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை. கருவின் இதயம் கருத்தரித்த மூன்றாவது வாரத்தின் முடிவிலேயே துடிக்கத் தொடங்கிவிடுகிறது. எட்டாவது வாரத்துக்குள் அறைகளும் இடைச்சுவர்களும் வால்வுகளும் பெரும்பாலும் உருவாகிவிடுகின்றன. நாள் தள்ளிப் போனதை ஒரு பெண் கவனித்து, சோதித்துப் பார்த்து, கணவனிடம் சொல்லி, கிராமச் செவிலியரிடம் பதிவு செய்வதற்குள் அந்த வேலையில் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும். எந்த மாதத்துக் கவனத்தைத் தங்கள் கட்டுரை கேட்கிறது? இக்கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்னதுதான் காரணம் என்று மருத்துவர்களாலேயே சுட்டிக்காட்ட இயலாதபோது, தங்கள் கட்டுரையாளர் மட்டும் குற்றவாளியைக் கண்டுபிடித்துத் தீர்ப்பும் எழுதிவிட்டது வியப்பாக இருக்கிறது.

தெரிந்த காரணங்கள் சில உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், வலிப்புக்கும் மனநோய்க்கும் தரப்படும் சில மருந்துகள், டவுன் நோய்க்குறி போன்ற மரபணு மாற்றங்கள் ஆகியவை அவற்றுள் அடங்கும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் ரூபெல்லா என்ற வைரஸ் தொற்றும் ஒன்று. அந்தக் கிருமி கருவிலுள்ள குழந்தையின் கண்ணையும் இதயத்தையும் கெடுப்பதை ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-இல் எழுதிவிட்டார். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தது 2017 பிப்ரவரியில். இடைப்பட்ட முக்கால் நூற்றாண்டில் யார் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று கட்டம் கட்டிக் கேட்டிருந்தால் தங்கள் துணிவைப் பாராட்டியிருப்பேன். நெருங்கிய உறவில் திருமணம் செய்வதும் ஆபத்தைச் சற்றுக் கூட்டும் என்று கட்டுரை சொல்கிறது. சரிதான். ஆனால், அக்காள் மகளைத் தம்பிக்குக் கொடுப்பது என்று வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு முடிவு செய்யும் கூட்டத்தில் அந்தப் பெண்ணை யாரும் உட்கார வைப்பதில்லை. பிறகு குழந்தைக்கு ஒன்று என்றால் விசாரணைக்கு அவளைத்தான் அழைக்கிறார்கள்.

அந்த விசாரணையை நான் நேரில் சந்தித்திருக்கிறேன். என் மகளுக்கு இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் இடையிலுள்ள சுவரில் பெரிய துளை. மருத்துவமனைச் சீட்டில் வி.எஸ்.டி. என்று எழுதுவார்கள். பிறந்த அன்று குழந்தைகள் மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, குறை ஏதுமில்லை என்றார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. பிறந்த புதிதில் நுரையீரலில் இரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பதால், துளை வழியே இரத்தம் பாயும் ஓசை பல குழந்தைகளுக்குச் சில நாட்களோ சில வாரங்களோ கழித்துத்தான் கேட்கும். தாய்வீட்டில் இருந்தபோது நான்தான் முதலில் கவனித்தேன். பாலுக்கு ஆவலாக வாயை வைப்பாள். சிறிது நேரத்திலேயே மூச்சு வாங்கி, காம்பை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். மார்கழிக் குளிரிலும் நெற்றியிலும் பிடரியிலும் வியர்வை வழிந்து மடியில் விரித்த துணி நனையும். மூச்சு இழுக்கும் ஒவ்வொரு முறையும் விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுந்து எழும். பால் போதவில்லை என்றார்கள். சீர் தட்டியிருக்கிறது என்றார்கள். மாந்தம் என்று உரைமருந்து புகட்டினார்கள். மந்திரித்த கயிற்றைக் கட்டினார்கள். காட்டிய தனியார் மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் சளிக்கு மருந்து எழுதினார்கள். எடை மட்டும் ஏறவில்லை. ‘கிரகணத்தன்று வெளியே வந்தாயா, நினைவுபடுத்திப் பார்’ என்று என்னிடம் கேட்ட உறவினர்கள் ஒருவரும் குழந்தையின் மூச்சை எண்ணிப் பார்க்கவில்லை.

வழக்கமான மருத்துவர் விடுப்பில் போனதால் அவரிடத்தில் இருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர்தான், நெஞ்சில் வெகுநேரம் கேட்டுவிட்டு, ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ எடுத்துவிடுங்கள் என்றார். கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று நின்று நின்று போகும் பேருந்தில் புதுச்சேரிக்குச் சென்றோம். அங்கே திரையில், ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு இரத்தம் சிவப்பும் நீலமுமாகப் பீறிடுவதைக் கண்ணால் பார்த்தேன். அறுவை சிகிச்சை சென்னையில் நடந்தது. அன்றைக்கு எங்களுக்குக் காப்பீடு எதுவும் இல்லை. என் நகைகளும் பண்ருட்டிப் பக்கம் இருந்த முந்திரித் தோப்பும் போயின. மகள் இன்று நலமாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். கவனக்குறைவான தாய் என்று தாங்கள் யாரைச் சொல்கிறீர்களோ, அவள் கண்ணில் பட்டதால்தான் இந்தக் குழந்தை பிழைத்தது.

இது முதல் முறையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். சில ஆண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்துச் சிறுவன் ஒருவனைப் பற்றி ‘அபூர்வ இதய நோய்’ என்று தலைப்பிட்டுச் செய்தி வெளியிட்டீர்கள். பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு ஏதேனும் ஓர் இதயக் கோளாறு இருக்கிறது. இந்தக் கணக்குத் தங்கள் கட்டுரையிலேயே வந்திருக்கிறது. அபூர்வம் என்று எழுதினால், நம் வீட்டுக்கு வராது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். அந்தச் செய்தியோடு வந்த படம் இன்னும் மோசம். சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சுத் தழும்பு தெரிய, பையனை நிறுத்தியிருந்தார்கள்; பக்கத்தில் காசோலை நீட்டும் பிரமுகரின் முகம் பையனைவிடப் பெரிதாக இருந்தது. பெயர், தெரு, பள்ளி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அன்று நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. இடமின்மை காரணமாக இருக்கலாம்.

லேகியத்துக்கு மட்டும் எப்போதும் இடம் இருக்கிறது. அறுவை சிகிச்சையின்றி இதயத் துளைக்குத் தீர்வு என்ற விளம்பரம் தங்கள் நாளிதழில்தான் வந்தது. சிறிய துளைகளில் பல தாமாகவே மூடிக்கொள்ளும். அந்தப் புகழ் லேகியத்துக்குப் போய்விடும். பெரிய துளையுள்ள குழந்தையின் பெற்றோர் அதை நம்பிக் காத்திருந்தால், அளவுக்கு மீறிப் பாயும் இரத்தத்தால் நுரையீரலின் நாளங்கள் தடித்து இறுகி, பிறகு துளையை அடைக்கவே முடியாத நிலை வந்துவிடும். அப்போதும் தாய் கவனமாக இல்லை என்று எழுதத் தங்களிடம் ஒரு கட்டம் இருக்கும்.

நீலம் பூக்கும் குழந்தைகளைப் பற்றிய பகுதியில், இதயத்தில் நான்கு குறைகள் சேர்ந்து வரும் கோளாற்றைப் பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ 1888-இல் விவரித்தார் என்பதை மறக்காமல் சொல்லியிருக்கிறார் தங்கள் கட்டுரையாளர். அழும்போது உதடும் நகமும் கறுத்து நீலமாகும், ஓடி விளையாடும் குழந்தை நடுவில் திடீரென்று குந்தி உட்காரும் என்பதை எழுத மறந்துவிட்டார். குறிஞ்சிப்பாடியில் இருக்கும் தாய்க்கு ஃபாலோவின் ஆண்டு எதற்கு?

பிறந்து ஒரு நாள் ஆன குழந்தையின் வலது கையிலும் காலிலும் ஆக்சிஜன் அளவைப் பார்த்தால், வெளியே தெரியாத கொடிய கோளாறுகள் சிலவற்றை வீட்டுக்கு அனுப்பும் முன்பே பிடித்துவிடலாம். அதற்கு ஊசி வேண்டாம், இரத்தம் எடுக்க வேண்டாம், சில நிமிடங்கள் போதும். 95 விழுக்காட்டுக்குக் குறைந்தால் விடாமல் பார்க்க வேண்டும், 90-க்கும் குறைந்தால் தாமதமே கூடாது. (என் மகளுக்கு இருந்த வகையை அந்தச் சோதனை பெரும்பாலும் காட்டாது, எனவே இதை என் பொருட்டுச் சொல்லவில்லை.) அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் 2013 முதல் இருக்கின்றன. அவர்கள் தேடும் குறைபாடுகளில் பிறவி இதயக் கோளாறும் ஒன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக் குழந்தைக்கு இதய அறுவை சிகிச்சை கிடைக்கும். ஒரு முழுப் பக்கக் கட்டுரையில் இவற்றுக்கு ஒரு வரிகூட ஒதுக்க முடியவில்லை என்பதைத் தங்கள் அனுபவத்துக்கே விட்டுவிடுகிறேன்.

என் வேண்டுகோள் சிறியது. அந்த வாக்கியம் தவறு என்று, வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். அதன் கீழே நான்கு வரி: பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்கினாலோ, எடை ஏறாவிட்டாலோ, திரும்பத் திரும்பச் சளி பிடித்தாலோ, உதடு நீலமானாலோ, குழந்தைக்கு இதயப் பரிசோதனை செய்யும்படி மருத்துவரிடம் கேளுங்கள் என்று. இனி இத்தகைய குழந்தைகளின் முகத்தையும் தழும்பையும் படமாகப் போட வேண்டாம்.

இக்கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைத் தவிர்த்துவிடவும். மகளுக்கு வரன் பார்த்து வருகிறோம். அவள் திருமணம் செய்துகொள்ளவும் பிள்ளை பெறவும் தடையேதும் இல்லை என்று இதய மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பெண் பார்க்க வருபவர்கள் அந்தச் சீட்டைவிடத் தங்கள் நாளிதழைத்தான் அதிகம் நம்புகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.