இ-சேவை மையத்தில் கூட நின்ற அக்காவுக்கு நன்றி

மே 1 கிராம சபையில் குடிநீர்த் தொட்டி வேலைக்கான பில்லைக் காட்டச் சொன்னேன். பதில் வரவில்லை. ராத்திரிக்குள் என் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டிய ஆபாசப் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது, கூடவே "புருஷன் அடக்கி வைக்கலையா" என்று ஒரு ஆடியோ. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு 2016-லேயே சட்டமாகிவிட்டது. ஆனாலும் கணக்குக் கேட்டால் நடத்தையைத்தான் இழுக்கிறார்கள்.

புகார் கொடுக்கப் போன இ-சேவை மையத்தில், வரிசையில் பின்னால் நின்ற அக்காதான் விசாரித்தார். "எதையும் அழிச்சிடாதம்மா, அதுதான் சாட்சி" என்றார். நம்பர், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வைத்தார். ஆடியோவைத் தனியாகச் சேமிக்கச் சொன்னார். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருப்பதும், ஆபாசப் படம் பரப்புவது தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டம் 67-ஆவது பிரிவின்படி குற்றம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். புகார் எண் வரும்வரை தன் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "நீ என்னம்மா பண்ணினே?" என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. வீட்டில்கூட முதலில் அதைத்தான் கேட்டார்கள்.

பெயர் வேண்டாம் என்றீர்கள், அதனால் எழுதவில்லை. படத்தை நீக்கிவிட்டார்கள் அக்கா, விசாரணையும் நடக்கிறது. மனசார நன்றி.