ரேம் ஓடினால் போதாது, தேற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பியை இயக்கினால் ரேம் முழு வேகத்தில் ஓடும் என்று தங்கள் கணினிப் பகுதியில் வந்த குறிப்பு, சோதனையைப் பற்றி ஒரு வரியும் சொல்லாமல் முடிந்துவிட்டது. எக்ஸ்எம்பியும் ஏஎம்டி போர்டுகளில் வரும் எக்ஸ்போவும் ரேம் தயாரித்தவர் எழுதிவைத்த ஓவர்கிளாக் அமைப்புகள்தான், அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுபவை. அந்த வேகத்தை பிராசஸருக்குள் இருந்து ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலரும் மதர்போர்டும் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை. நான்கு ஸ்லாட்டிலும் ரேம் இருந்தால் சந்தேகம் கூடும். விண்டோஸ் திறந்துவிட்டதே என்று நிம்மதியடைய வேண்டாம். எப்போதோ ஒரு பிட் மாறினால்கூட, நகலெடுத்த கோப்பு சத்தமில்லாமல் கெட்டிருக்கும்.

கேட்ட தரவைத் தர ரேம் எத்தனை கடிகாரத் துடிப்பு எடுக்கும் என்று சொல்லும் சிஎல் எண்ணை மட்டும் பார்த்து ரேமை எடை போடுவதும் தவறு. அதை 2000-ஆல் பெருக்கி ரேமின் வேகத்தால் வகுத்தால் அந்தக் காத்திருப்பு நானோசெகண்டில் கிடைக்கும். டிடிஆர்4 3200, சிஎல்16 என்றால் 10. டிடிஆர்5 6000, சிஎல்30 என்றாலும் அதே 10.

சிஎல் போன்ற டைமிங் எண்களைக் கையால் மாற்றுவோர் முதலில் எக்ஸ்எம்பி அமைப்பே தேறுகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே எண்ணை மாற்ற வேண்டும். எல்லாரும் சிஎல்லையே குறைக்கிறார்கள். டிஆர்எஃப்சி, டிரெஃபி இரண்டையும் சரிசெய்தால் பல நேரம் அதைவிடப் பலன் உண்டு. முன்னது ஒரு ரெஃப்ரெஷ் (ரேம் செல்லின் மின்னூட்டத்தைப் புதுப்பிப்பது) எடுக்கும் நேரம், பின்னது இரு ரெஃப்ரெஷுக்கு நடுவில் உள்ள இடைவெளி. ரெஃப்ரெஷ் நடக்கும்போது அந்தப் பகுதியைப் படிக்க முடியாது. ஆகவே முன்னதைக் குறைத்து, பின்னதைக் கூட்டுவார்கள். ஆனால் ரேம் செல்லில் உள்ள மின்னூட்டம் சூட்டில் வேகமாகக் கசியும். கேபினட்டைத் திறந்துவைத்துத் தேறிய டிரெஃபி, கிராபிக்ஸ் கார்டு கொதிக்கும்போது தோற்பது இதனால்தான். கேபினட்டை மூடி, கார்டுக்கும் வேலை கொடுத்துச் சோதித்தால்தான் கணக்கு.

முதல் சோதனையை விண்டோஸுக்குள் நடத்தக் கூடாது. பிழை இருந்தால் விண்டோஸும் சேர்ந்து கெடும். மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளை பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, நான்கு சுற்று ஓடவிடுங்கள். அது தேறிய பின் விண்டோஸில் டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடியைச் சில மணி நேரம் ஓட்டலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். "ஒன்றுதானே" என்று விடுபவர்களுக்கு ரேம் ஓவர்கிளாக் ஒத்துவராது. எக்ஸ்எம்பியை அணைத்த பிறகும் பிழை வந்தால், ஒவ்வொரு ரேமாக ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். பழுது ரேமிலா ஸ்லாட்டிலா என்பது தெரிந்துவிடும்.

டிடிஆர்5-இல் ஆன்-டை ஈசிசி (ரேம் சிப்புக்குள்ளேயே பிழை திருத்தும் வசதி) இருக்கிறதே, பிழையை அதுவே திருத்தாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது சிப்புக்குள் நேரும் பிழையோடு நின்றுவிடும். சிப்புக்கும் பிராசஸருக்கும் இடையே நேர்வதை அது கவனிக்காது. வேகம் கூட்டும்போது இடறுவது பெரும்பாலும் அங்கேதான்.

டைமிங் மாற்றிய பின் டிடிஆர்5 கணினியில் சில நிமிடம் திரை கருப்பாகவே இருக்கலாம். மெமரி டிரெய்னிங் நடக்கிறது, அதாவது ரேமோடு பேசும் முறையைக் கணினி சரிசெய்துகொள்கிறது; பவரைப் பிடுங்காதீர்கள். கால் மணி நேரம் கழித்தும் படம் வராவிட்டால் பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் சிமாஸை அழித்துவிட்டு, கடைசியாக மாற்றிய எண்ணைத் தளர்த்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்