தேக்குப் புழுவும் நறுமண எண்ணெயும்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: திருநெல்வேலி, தென்காசி மாவட்ட வன அலுவலர்கள், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் கள இயக்குநர்.

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு வணக்கம்.

மாநிலத்தின் காட்டுப் பரப்பையும் மரப் பரப்பையும் 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்கத்தோடு 2022-இல் பசுமை தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வரப்பிலும் தரிசிலும் தேக்கு, மலைவேம்பு, பெருமரம் நட்டு வளர்ப்பவர்களில் நானும் ஒருவன். சிறிய நாற்றங்கால் ஒன்றும் நடத்தி வருகிறேன். மரங்களின் இலையைத் தின்னும் புழுக்களுக்கு எதிராகத் தாவர நறுமண எண்ணெய்களைப் பயன்படுத்த முடியுமா என்பதை நம் மண்ணிலும் நம் வெயிலிலும் முறையாகச் சோதித்துச் சொல்ல வேண்டும், அந்தச் சோதனையை வனத்துறை நாற்றங்கால்களில் தொடங்க வேண்டும், காப்புக்காட்டுக்குள் மட்டும் அதைக் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

கோடை மழை ஒன்றிரண்டு பெய்து தேக்கு துளிர்விடும் நாள்களில் புழு வந்துவிடுகிறது. இளம் புழு இலையின் ஓரத்தை அரைவட்டமாக வெட்டி, மடித்து, நூலால் தைத்து, அந்த மடிப்புக்குள் பதுங்கிக்கொண்டு தின்கிறது. கொஞ்சம் வளர்ந்துவிட்டால் பெரிய நரம்புகளைத் தவிர எதையும் விட்டுவைப்பதில்லை. ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் வளர்ந்து முடிந்து, நூலில் தொங்கி இறங்கிச் சருகுக்குள் கூட்டுப்புழுவாகிவிடுவதால், விவசாயி கவனிக்கும்போது பெரும்பாலும் வேலை முடிந்துபோயிருக்கும். மரம் சாவதில்லை, மறுபடி துளிர்க்கும். அதனாலேயே இந்த இழப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் நிலம்பூரின் இளந்தேக்குத் தோட்டங்களில் நடத்திய ஆய்வு, இந்த ஒரு புழுவால் மட்டும் மரம் வளர்ந்திருக்க வேண்டிய கன அளவில் 44 விழுக்காடு இழக்கப்படுவதைக் காட்டியது. தேக்கை நம்பிப் பணம் போட்டவருக்கு இது சிறிய எண்ணல்ல.

தீக்குச்சி மரம் என்று நாங்கள் சொல்லும் பெருமரத்துக்கு வேறு இரண்டு புழுக்கள். ஒன்று குருத்தை வலையால் கட்டிக்கொண்டு உள்ளிருந்து தின்னும். மற்றொன்று மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை போட்டு, நீண்ட வெண்மயிரோடு இலையின் மேலேயே துணிச்சலாய் உட்கார்ந்திருக்கும். அது மரப்பட்டையிலேயே பட்டை நிறத்தில் கூடு கட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது; விரலால் தொட்டால் கூட்டுக்குள்ளிருந்து கிலுகிலுவென்று சத்தம் வரும். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலை நம்பி இந்த மரத்தை வைத்தவர்களுக்கு, முதல் இரண்டு ஆண்டுகளில் குருத்து போனால் மரம் நேராக எழும்பாது என்பதே பெரிய கவலை.

கடையில் கேட்டால் ஏதாவதொரு ரசாயன மருந்தை எடுத்துக் கொடுப்பார்கள். எங்கள் தோட்டங்களோ கால்வாய்க் கரையிலும் குளத்துப் பாசனப் புரவிலும் இருக்கின்றன. கன்னடியன் காலிலும் நதியுண்ணிக் காலிலும் போகும் தண்ணீர் வயலுக்கு மட்டும் போவதில்லை. ஆடுமாடு குடிக்கிறது, ஆட்கள் குளிக்கிறார்கள். காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வானிலிருந்து எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்ததால் மக்களின் உடல்நலம் கெட்டதையும், 2011-இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்கு நாடு முழுவதும் தடை விதித்ததையும் உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. மரப்பயிருக்கு மருந்து என்றவுடன் நாங்கள் தயங்குவது அந்த அனுபவத்தால்தான்.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். வேப்பெண்ணெய், புங்கெண்ணெய் போல விதையை ஆட்டி எடுப்பவற்றை நான் குறிப்பிடவில்லை. இலையையும் பூவையும் நீராவியில் வாட்டி வடித்தெடுக்கும், காற்றில் ஆவியாகும் எண்ணெய்களைச் சொல்கிறேன்: எலுமிச்சைப் புல், யூகலிப்டஸ், கிராம்பு, நொச்சி, துளசி, ஓமம் முதலியவற்றின் எண்ணெய்கள். எலுமிச்சைப் புல்லில் சிட்ரால், யூகலிப்டஸில் சினியோல், கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சேர்மம் மிகுந்திருக்கிறது. இவற்றுள் சில பூச்சிகளின் நரம்பில் வேலைசெய்யும் ஆக்டோபமைன் என்ற பொருளின் வழியைக் குலைக்கின்றன. முதுகெலும்புள்ள உயிர்களின் நரம்பு அமைப்பில் அப்பொருளுக்கு அத்தனை பெரிய பங்கு இல்லை என்பதே இவற்றை ஓரளவு பாதுகாப்பானவை என்று கருதுவதற்கு ஒரு காரணம். கொல்லாவிட்டாலும் புழுவைத் தின்னவிடாமல் செய்வதும், தாய் அந்துப்பூச்சியை முட்டையிடவிடாமல் விலக்குவதும் உண்டு. அமெரிக்கா 1996-இலேயே கிராம்பு, எலுமிச்சைப் புல் உள்ளிட்ட சில எண்ணெய்களைக் குறைந்த ஆபத்துள்ளவை என்று வகைப்படுத்திப் பூச்சிக்கொல்லிப் பதிவிலிருந்து விலக்கியது. ஐரோப்பாவின் ஓக் காடுகளை மொட்டையடிக்கும் லைமான்ட்ரியா டிஸ்பார் அந்துப்பூச்சி, மத்தியதரைக் கடல் நாடுகளின் பைன் மரங்களைத் தின்னும் ஊர்வலப் புழு ஆகியவற்றின் மீதும் இத்தகைய எண்ணெய்களைச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் இச்சோதனைகளில் பெரும்பாலானவை ஆய்வகத்தில், மூடிய தட்டில் இலைத்துண்டை வைத்துச் செய்தவை. மூடிய தட்டுக்குள் ஆவி வெளியே போகாது. நம் தோட்டத்தில் போகும்.

இந்த எண்ணெய்களின் குறைகளைச் சொல்லாமல் குணத்தை மட்டும் சொல்லி விற்பவர்கள் எங்கள் பக்கம் வரத் தொடங்கிவிட்டார்கள். அதனால் குறைகளையும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. நம் சித்திரை வெயிலில் காலையில் தெளித்த எண்ணெயின் வீரியம் அன்று மாலைவரைகூட நிற்குமா என்பது சந்தேகம். நூறு கிலோ எலுமிச்சைப் புல்லை வடித்தால் ஒரு கிலோ எண்ணெய்கூடத் தேறாது என்பதால் விலையும் குறையாது. எண்ணெய் தண்ணீரில் கரையாது. வெறும் தண்ணீரில் ஊற்றிக் கைத்தெளிப்பானில் அடித்தால் முதலில் தண்ணீரும் கடைசியில் எண்ணெயுமாய் விழுந்து, கடைசி வரிசை நாற்றின் குருத்து கருகும். காதி சோப்புக் கரைசலோ வேறு ஒட்டும் திரவமோ சேர்த்துப் பால்போலக் கலக்கிக்கொண்டே தெளிக்க வேண்டும். வீரியம் கூடினால் கிராம்பெண்ணெய் களைக்கொல்லியாகவே வேலைசெய்யும். சில நாடுகளில் அப்படித்தான் விற்கவும் செய்கிறார்கள். அதே கிராம்பெண்ணெய் மீன்களை மயக்குவதற்கு மீன்வளத் துறையினர் பயன்படுத்தும் பொருள். ஆகவே தாவர எண்ணெய்தானே என்று தெளிப்பானைக் குளத்தில் கழுவினால் என்ன ஆகும் என்பதை ஊர்மக்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லியாக வேண்டும். பிற பூச்சிகளின் முட்டைக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளைப் போன்ற நன்மை செய்யும் பூச்சிகளும் இந்த நெடிக்கு விதிவிலக்கல்ல.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் இந்த எண்ணெய்களுக்குப் பொருத்தமான இடம் நாற்றங்கால்தான். நிழல்வலைக்குக் கீழே வெயிலும் காற்றும் மட்டுப்படும். பாலித்தீன் பையில் நிற்கும் முழங்கால் உயர நாற்றின் இலையடிவரை கை எட்டும். சிறிது எண்ணெய் போதும். தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர் கண்ணில் முதல் புழு அன்றே பட்டுவிடும். ஓங்கி வளர்ந்த தேக்குத் தோப்புக்கு இது ஒத்துவராது. இப்போது டிரோன் வாடகைக்குக் கிடைக்கிறது என்பதற்காக அதில் எண்ணெயை ஏற்றி அடிக்கலாமென்ற யோசனையும் காதில் விழுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே ஆடிக் காற்று வீசும் நாட்டில் அது யார் தோட்டத்தில் போய் விழும் என்று சொல்ல முடியாது. தோப்பில் புழு முதலில் சில சிறு திட்டுகளில் தொடங்கி அங்கிருந்து பரவுகிறது என்பதால், அத்திட்டுகளைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே மட்டும் கைவைப்பதே முறை. அதற்கும் எண்ணெயைவிட, இந்தப் புழுவை மட்டும் தாக்கும் வைரஸைக் கொண்டு கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் செய்துகாட்டிய முறை பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து.

காப்பகத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இயற்கைக் காட்டில் புழு பறவைக்கு இரை. அங்கே எந்த எண்ணெயும் வேண்டாம்.

அலுவலர்களிடம் நான் வேண்டுவது இதுதான். இரண்டு மாவட்டங்களிலும் துறை நடத்தும் நாற்றங்கால்களில் தேக்குக்கும் பெருமரத்துக்கும் சில பாத்திகளை ஒதுக்கி, கோயம்புத்தூரின் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்தின் உதவியோடு, இரண்டு மூன்று எண்ணெய்களை வெவ்வேறு வீரியங்களில், எதுவும் தெளிக்காத பாத்தியோடும் வேப்பெண்ணெய் தெளித்த பாத்தியோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை புழு செத்தது என்பதோடு, எத்தனை நாற்று கருகியது, எத்தனை நாளில் புழு திரும்ப வந்தது, ஆயிரம் நாற்றுக்கு என்ன செலவானது என்பதையும் எழுதி வைத்து, முடிவு எதிராக இருந்தாலும் தமிழில் வெளியிடுங்கள். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவில்லாமல் பூச்சிமருந்து விற்கக்கூடாது. அப்படியிருக்கச் சீட்டே ஒட்டாத புட்டிகளில் வரும் எண்ணெய்களை என்ன செய்வது என்பதையும் வேளாண்மைத் துறையோடு பேசி எங்களுக்குத் தெரிவியுங்கள். துறை தன் வேலையாக அகற்றும் உண்ணிச்செடியின் இலையிலிருந்து எண்ணெய் வடிப்பது கட்டுப்படியாகுமா என்றும் ஒருமுறை பார்க்கலாம். எண்ணெய் மிகக் குறைவாகத்தான் வரும், ஆனால் இலைக்குச் செலவில்லை.

தேக்கு துளிர்ப்பதற்கு முன் பாத்தியும் எண்ணெயும் ஆயத்தமாக இருந்தால்தான் முதல் தலைமுறைப் புழுவைச் சோதிக்க முடியும். ஆகவே தை மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டுகிறேன். துறையின் நாற்றங்காலில் இடம் போதவில்லையென்றால், என் நாற்றங்காலில் பெருமரப் பாத்திகள் இரண்டை ஆய்வு முடியும்வரை எந்த மருந்தும் தெளிக்காமல் விட்டுத்தரச் சம்மதிக்கிறேன்.

இப்படிக்கு,
மர விவசாயி ஒருவர்,
கடையம் வட்டாரம், தென்காசி மாவட்டம்.