லோங்காங் மூடியை உடைத்தவன் எழுதும் மடல்

குடியிருப்பாளர் சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், நம் ஐந்து லோரோங்குகளிலும் (சந்துகளிலும்) குடியிருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே டிரில் சத்தத்தில் தூக்கம் கலைந்து என்னைத் திட்டியவர்கள் மன்னிக்க வேண்டும். மூன்றாவது லோரோங்கின் மேல்முனை வீட்டுக்காரன் நான். வாசலில் லோங்காங்கை, அதாவது ரோட்டோர வடிகாலை, சிமெண்டு போட்டு மூடி, டைல் பதித்து, நாலு பூந்தொட்டி வைத்து, மிச்ச இடத்தில் காரை நிறுத்திக்கொண்டிருந்தேன் அல்லவா, அதைத்தான் ஆள் வைத்து உடைத்தேன். "நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் அங்கிள் உடைக்கிறீங்க?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டார். வேலியோரம் நின்று சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகன் ஜப்பானில் நாகாவோக்கா என்ற ஊரில் படித்துவிட்டு, அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டான். நீகாத்தா வட்டாரத்தில் இருக்கும் நகரம் அது. நம் மலேசியப் பிள்ளைகள் பலர் பொறியியல் படிக்கப் போகிற இடம். இந்த ஜனவரியில் நானும் வீட்டுக்காரம்மாவும் மூன்று வாரம் அங்கே இருந்தோம். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து, அந்தப் பக்கத்து மலைகளில் மோதி மொத்தத்தையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. ஐஸ் பெட்டியில் உறைவதைத் தவிர வேறு பனி பார்த்திராத ஆள் நான். முதல் நாள் காலை கதவைத் திறந்தால், மகனுடைய கார் நின்ற இடத்தில் வெள்ளையாக ஒரு மேடு மட்டும் இருந்தது.

ஆனால் ரோடு கறுப்பாக, ஈரமாக, காலியாகக் கிடந்தது. அதுதான் எனக்கு ஆச்சரியம். கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். ரோட்டின் நடுக்கோட்டில் வரிசையாகச் சின்னத் துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் குழந்தை துப்புகிற மாதிரித் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. நிலத்தடி நீர்தான். குளிர்காலத்திலும் 13, 14 டிகிரிக்குக் குறையாதாம். அது பட்டதும் பனி கரைந்து ஓடிவிடுகிறது. 1961-இல் இந்த முறை முதன்முதலாக வந்ததே அந்த ஊரில்தான் என்று மகன் பெருமையாகச் சொன்னான். தண்ணீரில் இருக்கும் இரும்பு படிந்து படிந்து ரோடெல்லாம் துருப்பிடித்த செம்மண் நிறம். ஊரே வெற்றிலை போட்டுத் துப்பிவைத்தது போல இருக்கிறது என்றாள் வீட்டுக்காரம்மா. நடந்து போனால் சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறும், அது வேறு. இஷ்டத்துக்கு உறிஞ்சினால் நிலம் அமிழ்ந்துவிடும் என்பதால், பனி விழும்போது மட்டும் ஓடும்படி கருவி வைத்திருக்கிறார்கள். சில சின்னத் தெருக்களில் குழாயைப் பார்த்துக்கொள்வதும் மின்கட்டணம் கட்டுவதும் அந்தத் தெருக்காரர்களே.

குழாய் இல்லாத ரோடுகளில் விடியுமுன் இயந்திரம் வந்து பனியைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஒரு குறையும் இல்லையா என்றால், இருக்கிறது. தள்ளிய பனியெல்லாம் ஓரமாக, அதாவது சரியாக நம் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு, வரப்பு மாதிரி குவிந்து நிற்கும். அதை நாம்தான் எடுக்க வேண்டும். எதிர்வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முறத்தைப் பெரிதாக்கிக் கைப்பிடி வைத்தது போல ஒரு சாமான் வைத்திருந்தார். அதன் பெயர் "மாமாசான் டம்ப்", அதாவது அம்மாமார் டம்ப் லாரி. தூக்க வேண்டியதில்லை, பனிக்குள் செருகி, சறுக்கித் தள்ளிக்கொண்டு போய்க் கவிழ்த்தால் போதும். தன் வாசலை முடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த வீட்டு வாசலுக்கும் போனார். அந்த வீட்டுக்காரருக்கு இடுப்பு வலியாம்.

சரி, இதுவரைக்கும் சுற்றுலாக் கதை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது பக்கத்து ஊரான தோக்காமாச்சி. ஒரு சனிக்கிழமை மகன் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ரோட்டோரத்தில் நம் லோங்காங் மாதிரியே கால்வாய் ஓடுகிறது. மேலே இரும்புக் கம்பி மூடி. ஆற்றுத் தண்ணீரை அதில் திருப்பிவிடுகிறார்கள். ஆட்கள் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, வாசலில் கிடக்கும் பனியை அள்ளி உள்ளே போடுகிறார்கள். தண்ணீர் இழுத்துக்கொண்டு போய் ஆற்றில் சேர்த்துவிடுகிறது. ஆனால் நினைத்த நேரத்தில் போட முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நேரம் உண்டு. எல்லாரும் ஒரே சமயத்தில் கொட்டினாலோ, பெரிய கட்டியாகத் தள்ளினாலோ கால்வாய் அடைத்துக்கொள்ளும். அப்போது தண்ணீர் பொங்கி ஏறுவது கொட்டியவர் வாசலில் இல்லை, கீழே இருப்பவர் வீட்டில். மகன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு நம் லோரோங்கின் கீழ்முனை வீட்டுப் பாட்டியின் முகம் வந்துவிட்டது.

போன அக்டோபர் மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு போல இல்லை. அன்றைக்கு நம் பினாங்கே மூழ்கி, ஏழு உயிர் போய், இராணுவத்தைக் கூப்பிட வேண்டி வந்தது. இது வெறும் ஒன்றரை மணி நேர மழை. மேல்முனையில் என் வீட்டுப் படிகூட நனையவில்லை. கீழே பாட்டியின் சமையலறையில் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி மூட்டையை மேசை மேல் தூக்கிவைக்க நானும்தான் ஓடினேன். "கடல் பெருக்கு நேரம், அதான் தண்ணி இறங்கல" என்று பெரிய மனுஷனாக விளக்கமும் சொன்னேன். அது பாதி உண்மை. நம் லோங்காங்குகள் கடலில் போய் முடிகிறவை; கடல் ஏறி நின்றால் தண்ணீர் போக இடமில்லை. மீதி உண்மை என் டைலுக்குக் கீழே இருந்தது.

மூடியை உடைத்ததும் அதைக் கண்ணால் பார்த்தேன். மூன்று அடி ஆழ லோங்காங்கில் ஒரு சாண்தான் இடைவெளி மிச்சம். மற்றதெல்லாம் கறுப்புச் சேறு. என் வீட்டு அகலத்துக்குள் மட்டும் கிடைத்தவை: சிவப்பு ரப்பர் கயிறு கட்டிய தே ஆய்ஸ் (ஐஸ் தேநீர்) பைகள் எண்ண முடியாத அளவு, ஒற்றைச் செருப்பு மூன்று, பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தல், ஒரு சாமி படத்தின் கண்ணாடிச் சட்டம், நான் டைல் பதித்தபோது மேஸ்திரி உள்ளே தள்ளிவிட்ட சிமெண்டு கட்டிகள். அந்தக் கட்டிகள்தான் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தி வைத்திருந்தன. மேலேயிருந்து வரும் தண்ணீர் அதில் முட்டி, ரோட்டில் ஏறி, சரிவில் ஓடி, நேரே பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறது. பாட்டியிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டார்.

ஜனவரியில் பார்த்ததற்கு இப்போதுதான் உடைத்தாயா என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம். அந்த டைலுக்கு 1,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்திருந்தேன். மனசு வரவில்லை.

இதில் நான் மட்டும் இல்லை. போன வாரம் ஐந்து லோரோங்கும் நடந்து எண்ணிப் பார்த்தேன். வாசலை முழுக்க மூடியிருக்கும் வீடுகள் முப்பத்தொன்று. 1974-ஆம் ஆண்டு தெரு, வடிகால், கட்டடச் சட்டப்படி எழுத்துமூல அனுமதி இல்லாமல் தெருவோர லோங்காங்கை மூடுவதே குற்றம். முப்பத்தொரு பேரில் எத்தனை பேரிடம் கடிதம் இருக்கிறதோ, என்னிடம் இல்லை. யாரையும் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை. சிமெண்டுக்குப் பதில் தூக்கி வைக்கிற மாதிரி இரும்புக் கம்பி மூடி போடலாம் என்றுதான் சொல்கிறேன். அதற்கும் முறையாக அனுமதி கேட்போம். சங்கத்தின் பெயரில் ஒரே மனுவாகக் கொடுத்தால் நல்லது. அந்தக் கம்பி மூடி கார் ஏறினாலும் தாங்கும்.

அப்புறம், நம் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் சேர்ந்து செய்யும் துப்புரவு வேலை. போன வருடம் செய்தோம், படம் எடுத்தோம், மீ கோரேங் சாப்பிட்டோம். அள்ளிய சேற்றை எங்கே போட்டோம்? லோங்காங் ஓரத்திலேயே. மூன்றாம் நாள் மழையில் அது மறுபடி உள்ளே இறங்கிவிட்டது. நாகாவோக்காவில் பனியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டத் தனி இடமே வைத்திருக்கிறார்கள். தவிர, நாம் மேல்முனையில் ஆரம்பித்துக் கீழே போனோம். மேலே கிளறிய சேறெல்லாம் கீழே போய் உட்கார்ந்தது. பாட்டி வீட்டு முனையில் தொடங்கி மேலே ஏறி வர வேண்டும். இதற்கு ஜப்பான் போய் வர வேண்டுமா என்று கேட்டால், எனக்குத் தேவைப்பட்டது, என்ன செய்வது.

நமக்கு இதெல்லாம் வராது, ஜப்பான்காரன் கட்டுப்பாடு வேறு என்று செயலவையில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அண்ணே, நான் ஜப்பானிலிருந்து திரும்பிய கொஞ்ச நாளில் தைப்பூசம் வந்தது. அதற்கு முதல் நாள், முருகனின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் நின்றிருந்தேன். தேங்காய் மலை மலையாய்க் குவிந்திருக்கிறது. தமிழர், சீனர் என்று இல்லாமல் எல்லாரும் உடைக்கிறார்கள். ரோடே வெள்ளையாகிவிடுகிறது; காலை வைத்தால் வழுக்குகிறது. உடைத்து முடித்த அடுத்த நொடி மண் அள்ளும் இயந்திரம் வந்து வாரிக்கொண்டு போகிறது, பின்னாலேயே பையன்கள் துடைப்பத்தோடு. வெறுங்காலில் வருகிறவர்கள் காலில் ஓடு குத்தக் கூடாது என்பதற்காக, ரதம் வருவதற்குள் ரோடு சுத்தம். எந்த இடம் முதலில், யார் எந்தப் பக்கம், வாரியது எங்கே போகிறது, எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பையன்களில் இரண்டு பேர் நம் நான்காவது லோரோங்கில் இருக்கிறார்கள். அவர்களிடமே கேட்டு அட்டவணை போடுவோம்.

செப்டம்பர், அக்டோபர்தான் நமக்குக் கனமழை மாதங்கள். ஆகஸ்டு மாதத்தின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். முதல் ஞாயிறு கீழ்முனை. கடல் இறங்கியிருக்கும் நேரம் பார்த்துத் தொடங்குவோம். கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையை நான் பார்த்து வாட்ஸ்ஆப்பில் போடுகிறேன். மண்வெட்டி பிடிக்க முடியாத வீடுகளின் வாசலைப் பக்கத்து வீட்டுக்காரர் சேர்த்துக்கொள்ளட்டும். சேற்றைச் சாக்கில் கட்டி அன்று மாலையே ஏற்றிப் போக ஒரு லாரி பேச வேண்டும். அந்த வாடகை என்னுடையது. இரண்டு தள்ளுவண்டியும் ஆறு மண்வெட்டியும் வாங்கி என் வாசலில் வைத்திருக்கிறேன். பூந்தொட்டி இருந்த இடத்தில்தான். கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம், கழுவித் திருப்பி வைத்தால் சரி.

இப்படிக்கு,
மூன்றாவது லோரோங், மேல்முனை வீட்டுக்காரன்