பாட்டிக்கும் ஒரு தாள் கொடுங்கள்

பிள்ளைகளுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை செய்யும் சிங்கப்பூர் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் வணக்கம்.

என் மகளுக்குப் பத்து வயதில் தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்தார்கள். கிரேவ்ஸ் நோய், அதாவது அந்தச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும் கோளாறு. இரண்டு வருடம் மருந்து கொடுத்தும் அடங்கவில்லை. குரல் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது என்று கேட்டதிலிருந்து எனக்கு அந்தப் பயம்தான். மயக்கம் தெளிந்ததும் "அம்மா, தண்ணி" என்றாள். அதே குரல். அந்தக் கைகளுக்கு என்ன நன்றி சொன்னாலும் போதாது.

அப்புறம் நடந்ததைப் பற்றித்தான் இந்த மடல்.

இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் எனக்கும் கணவருக்கும் வேலை. பிள்ளையோடு இருந்தவர் என் மாமியார். காலையில் லெவோதைராக்சின் (எடுத்த சுரப்பிக்கு ஈடாகத் தரும் ஹார்மோன்), கால்சியம் இரண்டு மாத்திரையையும் சேர்த்து, சூடான மைலோவோடு கொடுத்திருக்கிறார். முதல் மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும், கால்சியத்துக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? மதியம் மகள், "பாட்டி, உதட்டைச் சுத்தி எறும்பு ஊருற மாதிரி இருக்கு" என்றாளாம். அசதியாக இருக்கும் என்று போர்த்திப் படுக்கவைத்தார். மாலையில் நான் வந்தபோது அவள் விரல்கள் குவிந்து விறைத்திருந்தன.

தைராய்டின் பின்புறம் அரிசிமணி அளவில் நான்கு சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்பவை அவை. அறுவையில் அவற்றுக்கு அடிபட்டால் ஓரிரு நாளில் கால்சியம் இறங்கிவிடும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் அதிகம். மருத்துவமனையில் ரத்தக்குழாய் வழியாகக் கால்சியம் ஏற்றியதும் மகளின் விரல்கள் விரிந்தன.

அந்த அறிகுறிகள் எல்லாம் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளில் இருந்தன. ஆங்கிலத்தில். நானும் படித்துச் சொல்லியிருக்க வேண்டும், அந்த வேதனை எனக்கு இன்னும் உண்டு. ஆனால் என் மாமியார் தினமும் தமிழ் முரசை ஒரு பக்கம் விடாமல் வாசிப்பவர். எம்ஆர்டி ரயில் நிலையத்தில்கூட எச்சரிக்கை நான்கு மொழியில் இருக்கிறதே!

ஒரே ஒரு பக்கம் போதும், பெரிய எழுத்தில். எந்த மாத்திரை எப்போது, உதடோ விரல் நுனியோ மரத்தால் உடனே எங்கே வர வேண்டும். அனுப்புவதற்கு முன், பகலில் பிள்ளையோடு இருக்கப்போவது யார் என்று கேளுங்கள். பாட்டி என்றால் அவரையும் உட்காரவைத்துத் தமிழிலேயே சொல்லுங்கள்.

எழுதியதைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். என் மாமியாரும் வருவார்.

அன்புடன்,
ஒரு தாய்